சேட்டு மாதிரி கணக்குப் பேசறேனாம்!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைல ஊர்லேர்ந்து அண்ணன் போன் பண்ணினார். மன்னார்குடி பக்கத்துல இருக்கிற எங்க பூர்வீக வீட்டுக்கு ஓடு மாத்தி, பின்கட்டை இடிச்சுக் கட்டணுமாம். கொத்தனார் வந்து பார்த்துட்டுப் போயிட்டார். என் பங்கு மூணு லட்சம். "எப்ப அனுப்பற?"ன்னு கேட்டார். அனுப்ப முடியுமான்னு கேட்கலை, கவனிங்க. எப்பன்னுதான் கேட்டார்.

"அண்ணே, வருஷத்துக்கு முப்பதாயிரம். ரெண்டு வருஷத்துல அறுபதாயிரம். அதுக்கு மேல இப்ப முடியாது. நோட்டுல எழுதிப் பார்த்துட்டேன்"னு சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வந்தது பாருங்க... "வடக்க போயி நீயும் சேட்டு மாதிரி கணக்குப் பேச ஆரம்பிச்சுட்டியேடா. கூடப் பொறந்தவங்ககிட்டயா கணக்கு?" போனை வெச்சுட்டார். இதை எழுதற வரைக்கும் அவர் பேசலை.

அண்ணன் இதைப் படிக்க மாட்டார். அதனால இது அவருக்கு பதில் இல்லை. அகமதாபாத்துலயும் புனேலயும் டில்லியிலயும் கொல்கத்தாவுலயும் உட்கார்ந்துகிட்டு, இதே வசனத்தை வேற வேற குரல்ல கேட்டிருக்கிற உங்களுக்காக எழுதறேன். இருபது வருஷமா பேங்க்ல வேலை. பி.காம். படிச்சவன். பற்று எது வரவு எதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா என் வீட்டுக் கணக்கை நான் எழுத ஆரம்பிச்சது 2024 ஜூன்லதான். அதுவும் மானம் போன பிறகு. அந்தக் கதையையும் சொல்லிடறேன்.

உறவுல கணக்கு கிடையாதா?

முதல்ல இந்த வசனத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். தமிழன் உறவுல கணக்குப் பார்க்க மாட்டானாம். அப்படீன்னா மொய் நோட்டு என்ன?

எங்க வீட்டு பீரோல என் அக்கா கல்யாணத்து மொய் நோட்டு இன்னும் இருக்கு. மேல பிள்ளையார் சுழி, மஞ்சள் வெச்சு, பேர், ஊர், தொகை எல்லாம் மணி மணியா எழுதியிருக்கு. யாராவது பத்திரிகை கொண்டு வந்தா, அம்மா முதல்ல அந்த நோட்டைத்தான் எடுப்பாங்க. "அவங்க நமக்கு நூத்தியொண்ணு வெச்சாங்க, இப்ப நாம ஐநூத்தியொண்ணாவது வெச்சாத்தான் மரியாதை." முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்த தொகைக்கு எவ்வளவு ஏத்திக் கொடுக்கணும்னு மனசுலயே கணக்குப் போடற சமுதாயம் சார் நம்மளது!

சமையலறைச் சுவத்துல மாட்டியிருந்த காலண்டர்ல பால் கணக்குக்குப் புள்ளி வெச்சாங்க அம்மா. நெல் அளக்கிறப்ப முதல் மரக்காலை 'லாபம்'னு சொல்லி அளந்தார் அப்பா. ஆற்றுல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னதும் நம்ம ஆளுங்கதான். வடக்க வந்து யார்கிட்டேயும் நாம இதைக் கத்துக்க வேண்டியதில்லை.

அப்ப அண்ணனுக்கு எதுல கோபம்? கணக்குல இல்லை. கணக்கை நான் வாய்விட்டுச் சொன்னதுல. யார் எவ்வளவு கொடுக்கணும்னு மனசுக்குள்ள கணக்குப் போடறது நமக்குப் பழக்கம்தான். எவ்வளவு கொடுக்க முடியும்னு வெளிய சொன்னாத்தான் அது சேட்டுத்தனம் ஆயிடுது!

சேட்டுன்னு சொன்னதால அவங்களைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. இங்க தீபாவளி அன்னிக்கு வியாபாரிங்க சோப்டா பூஜை பண்ணுவாங்க. புதுசா வாங்கின சிவப்பு அட்டைக் கணக்குப் புஸ்தகத்தை லட்சுமி படத்துக்கு முன்னாடி வெச்சு, 'சுப்', 'லாப்'னு எழுதி, குங்குமம் வெச்சுக் கும்பிடுவாங்க. இப்பல்லாம் அந்த இடத்துல லேப்டாப்பும் வைக்கிறாங்க. மறுநாள் அவங்களுக்கு வருஷப் பிறப்பு. புது வருஷம் புதுக் கணக்கோட ஆரம்பிக்குது. எல்லா குஜராத்தியும் கணக்குல புலின்னு நான் சொல்ல வரலை. தவணை தவறினவங்க பட்டியல் எல்லா ஊர்லயும், எல்லா மொழியிலயும் இருக்கு. அந்தப் பட்டியலைத் தினமும் பார்க்கிறவன் நான். நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்... கணக்கு எழுதறதை அவங்க வெட்கப்படற விஷயமா நினைக்கலை.

என் மானம் போன கதை

2024 ஜூன். பொண்ணுக்குக் கோயம்புத்தூர்ல ஒரு கல்லூரியில இடம் கிடைச்சது. கல்விக் கடனுக்காக எங்க பேங்க்லயே இன்னொரு கிளைக்குப் போனோம். பக்கத்துல தங்கமணி. எதிர்ல ஒரு சின்னப் பொண்ணு, அதிகாரியாச் சேர்ந்து ரெண்டு வருஷம் இருக்கும். என் கிரெடிட் ரிப்போர்ட்டை ஸ்க்ரீன்ல பார்த்துகிட்டே ஹிந்தியில ரொம்ப மரியாதையாக் கேட்டுச்சு, "சார், வெளியில ஒரு பர்சனல் லோன் ஓடிட்டிருக்கு, மாசம் 11,634. அதையும் சேர்த்துக்கட்டுமா?"

தங்கமணிக்கு ஹிந்தி என்னைவிட நல்லா வரும். ஒண்ணும் சொல்லலை. ஸ்கூட்டர்ல மணிநகர் வர்ற வரைக்கும் பேசலை. சமைச்சாங்க, பையனுக்குச் சாப்பாடு போட்டாங்க. ராத்திரி பத்து மணிக்கு எதிர்ல வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி.

"போன வருஷம் வளையல் மாத்தலாமான்னு கேட்டப்ப, பார்க்கலாம் பார்க்கலாம்னு சொன்னீங்களே... அப்ப இது ஓடிட்டு இருந்துச்சாங்க?"

இருந்துச்சு. மூணு வருஷமா இருந்துச்சு.

2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில, அப்பா பதினேழு நாள் தனியார் ஆஸ்பத்திரியில இருந்தார். பிழைச்சு வந்தார், இன்னும் ரெண்டு வருஷம் எங்களோட இருந்தார். அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனா பில் வந்தப்ப என் சேமிப்புக் கணக்குல இருந்தது இருபத்தேழாயிரம் ரூபாய். ஸ்டாஃப் லோன் வரம்பு ஏற்கனவே முடிஞ்சிருந்தது. வெளியில 14 சதவீத வட்டிக்கு அஞ்சு லட்சம், 60 மாசத் தவணைக்கு வாங்கினேன். முழுசா கட்டி முடிச்சா 6,98,000 சொச்சம். அந்த அஞ்சு லட்சத்துல ஒரு லட்சத்துக்கு மேல போனது ஆஸ்பத்திரிக்கு இல்லை. கிரெடிட் கார்டு பாக்கியை அடைக்க.

அப்பாவுக்காகக் கடன் வாங்கினேன்னு சொல்லிக்கிறது சுலபம். கேட்கிறவங்க கண்ணும் கலங்கும். நானும் மூணு வருஷம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிகிட்டு இருந்தேன். நிஜம் அது இல்லை. அதுக்கு முன்னாடி கணக்கு எழுதாம ஓட்டின அத்தனை வருஷத்துக்காகவும் வாங்கின கடன் அது.

மாசக் கணக்கு பொய் சொல்லும்

"நான் என்ன குடிக்கிறேனா, சீட்டாடறேனா? பணம் எங்க போச்சு?" அன்னிக்கு ராத்திரி நானும் இதைத்தான் கேட்டேன். தங்கமணி பையனோட பழைய லாங் சைஸ் நோட்டுல மிச்சம் இருந்த பக்கத்தைத் திருப்பி, "2019லேர்ந்து எழுதுங்க"ன்னாங்க. எழுதினோம்.

அப்ப கைக்கு வந்த சம்பளம் மாசம் 80,000. வீடு, கரண்டு, கேஸ், போன் எல்லாம் சேர்த்து 10,000. ரெண்டு பசங்க ஸ்கூல், டியூஷன் 13,000. திருச்சியில வாங்கிப் போட்ட மனைக்கான தவணை 16,000. ஊருக்கு அம்மா அப்பாவுக்கு 8,000. மளிகை, பால், காய்கறி 15,000. பெட்ரோல், ஆட்டோ 4,000. மொத்தம் 66,000. மிச்சம் 14,000!

பரவாயில்லையே? நானும் அப்படித்தான் நினைச்சுகிட்டு இருந்தேன். மாசம் 14,000 மிச்சம் பிடிக்கிற பொறுப்பான மனுஷன்னு.

அடுத்த பக்கம் வருஷச் செலவு. நாலு பேர் ஒரு தடவை ஊருக்குப் போய்வர 40,000. மொய், சீர், காதுகுத்து, கிரகப்பிரவேசம் 30,000. தீபாவளி, பொங்கல் துணிமணி 25,000. இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 40,000. ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கிறப்ப 20,000. அப்புறம் திடீர்னு ஒரு சாவு, ஒரு ஆபரேஷன்னு அவசரமா விமானத்துல ஓடறது 37,000. மொத்தம் 1,92,000.

மாசா மாசம் மிச்சம்னு நினைச்சது பன்னிரண்டு மாசத்துக்கு 1,68,000. வருஷச் செலவு 1,92,000. ஆக, வருஷத்துக்கு 24,000 ரூபாய் பள்ளம். சேமிப்புன்னு ஒரு ரூபாய்கூடப் போடறதுக்கு முன்னாடியே! அந்தப் பள்ளத்தை அரியர்ஸ் வந்தப்ப அரியர்ஸ் மூடிச்சு. வராதப்ப கார்டு மூடிச்சு. அவ்வளவுதான் மர்மம். குடியும் இல்லை, சீட்டும் இல்லை.

என் கட்சி இதுதான். வெளியூர்ல இருக்கிற குடும்பத்துக்கு மாச பட்ஜெட் போதாது. போதாதுன்னு சொல்றதைவிட, அது நம்மளை ஏமாத்தும். ஊர்லயே இருக்கிறவனுக்கு ஒரு கல்யாணம்னா பஸ் டிக்கெட்டும் மொய்யும்தான். நமக்கு நவஜீவன்ல ஒண்ணரை நாள் பயணம், நாலு டிக்கெட், சென்னையிலேர்ந்து மன்னார்குடி, லீவு, அத்தனை வீட்டுக்கும் பாந்தினி புடவை, ஸ்வீட் பாக்ஸ். நம்ம பெரிய செலவெல்லாம் மாசக் கணக்குல தலையே காட்டாது. வருஷத்துல நாலு தடவை வந்து கழுத்தைப் பிடிக்கும். அதை நாம 'எதிர்பாராத செலவு'ன்னு சொல்லிக்கிறோம். வருஷா வருஷம் வர்ற தீபாவளி எப்படி சார் எதிர்பாராத செலவாகும்?

50-30-20ஆம்!

இணையத்துல தேடினா எல்லாரும் ஒரே சூத்திரத்தைச் சொல்றாங்க. சம்பளத்துல 50 சதவீதம் தேவைக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு. அமெரிக்காவுல எலிசபெத் வாரனும் அவங்க பொண்ணும் 2005ல எழுதின புஸ்தகத்துல வந்து பிரபலமான கணக்கு. அந்த ஊருக்கு அது சரியாவே இருக்கலாம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அம்மாவுக்கு அனுப்பற 8,000 இதுல எந்தக் கட்டத்துல வரும்? தேவையா, ஆசையா? தங்கச்சி பொண்ணு சடங்குக்கு வைக்கிற சீர்? அதை ஆசைன்னு எழுதினா மனசு கேட்காது. தேவைன்னு எழுதினா 50க்குள்ள அடங்காது. கட்டம் சரியா இல்லைன்னா கட்டத்தை மாத்தணும். நாம என்ன பண்றோம்? அந்தச் செலவை எழுதாமலே விட்டுடறோம்.

சரி, பேங்க் என்ன பண்ணுதுன்னு பாருங்க. இதை நான் சொல்லித்தான் ஆகணும், ஏன்னா மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பண்றது நான். கடன் கேட்டு வந்தா உங்க சம்பளத்தைப் பார்ப்போம், ஏற்கனவே ஓடற தவணைகளைப் பார்ப்போம், மீதியில எவ்வளவு தவணை தாங்கும்னு கணக்குப் போடுவோம். அம்மாவுக்கு அனுப்பற பணம் அந்தக் கணக்குல வராது. ரிப்போர்ட்லயும் வராது. எங்க கணக்குப்படி உங்க அம்மா உங்களுக்குக் கடமை இல்லை. "உங்களுக்கு அஞ்சு லட்சம் தயார்"னு செல்போன்ல வர்ற மெசேஜ் அந்தக் கணக்கை வெச்சு வர்றதுதான். அதுக்கு எங்களுக்கு டார்கெட் உண்டு. நானே எத்தனையோ பேர்கிட்ட சிரிச்ச முகத்தோட அதைச் சொல்லியிருக்கேன். பேங்க் கொடுக்குதுன்னா நம்மால கட்ட முடியும்னுதானே அர்த்தம்னு நினைக்காதீங்க. வசூலாகும்னு பேங்க் நம்புதுன்னுதான் அர்த்தம். நீங்க எதை வித்து, யார்கிட்ட பொய் சொல்லிக் கட்டறீங்கங்கறது எங்க கணக்குல இல்லை.

நான் மிகைப்படுத்தலை. இந்த மாதிரி அடமானம் இல்லாத கடன் கட்டுக்கடங்காம வளருதுன்னு பார்த்துத்தான் ரிசர்வ் பேங்க் 2023 நவம்பர்ல பேங்குங்களுக்குக் கடிவாளம் போட்டுச்சு. நாட்டு மொத்த உற்பத்தியில குடும்பங்களோட நிகர நிதிச் சேமிப்பு 2020-21ல 11 சதவீதத்துக்கு மேல இருந்தது. கொரோனாவால செலவே பண்ண முடியாத வருஷம், அதனால கூடுதல்னு வெச்சுக்கலாம். ஆனா 2022-23ல அது 5 சதவீதம் அளவுக்கு இறங்கிடுச்சு. அதுல என் வீட்டு இருபத்தேழாயிரமும் ஒரு துளி.

கிரெடிட் கார்டுல 'குறைந்தபட்சத் தொகை கட்டினாப் போதும்'னு ஒரு வரி வரும். அதைப் பத்தி மட்டும் ஒரு கணக்கு. பாக்கி 50,000. வட்டி மாசம் 3.5 சதவீதம்னா 1,750. அதுமேல 18 சதவீத ஜிஎஸ்டி 315. ஆக 2,065. நீங்க 5 சதவீதம்னு 2,500 கட்டறீங்க. பாக்கியில குறையறது 435 ரூபாய்! இந்த வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல ஒரு தீர்ப்புச் சொல்லிச்சு. அதையும் சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பர்ல ரத்து பண்ணிடுச்சு. உங்களைக் காப்பாத்த இனி உங்க நோட்டுதான்.

இன்னொண்ணு. முன்னெல்லாம் வருமான வரிக்குப் பயந்தாவது ஜனங்க பிபிஎஃப், எல்ஐசின்னு போட்டுகிட்டு இருந்தாங்க. 2023-24லேர்ந்து புதிய வரிமுறைதான் இயல்புன்னு ஆயிடுச்சு, அதுல 80சி கழிவு கிடையாது. 2025-26லேர்ந்து அந்த முறையில சம்பளக்காரருக்கு 12,75,000 வரைக்கும் வரியே இல்லை. நல்ல விஷயம்தான். ஆனா கட்டாயப்படுத்திச் சேமிக்க வெச்ச அந்தப் பழைய வாத்தியார் ரிட்டயர் ஆயிட்டார். இனிமே நாமளா எழுதி வெச்சாத்தான் சேமிப்பு.

மறுப்பு சொல்றவங்களுக்கு

"எழுதினா மட்டும் சம்பளம் ஏறிடுமா?" ஏறாது. மாசம் பதினஞ்சாயிரத்துல இங்க குடும்பம் நடத்தற தமிழர்களையும் எனக்குத் தெரியும். அவங்ககிட்ட போய் பட்ஜெட் போடுங்கன்னு நான் உபதேசம் பண்ண மாட்டேன். ஒவ்வொரு ரூபாயும் எங்க போகுதுன்னு அவங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நான் சண்டை போடறது என்னை மாதிரி ஆளுங்ககிட்ட. மாசம் எழுபதாயிரம், ஒரு லட்சம் வாங்கிட்டு, 28ஆம் தேதி ஏடிஎம் முன்னாடி நின்னு பேலன்ஸ் பார்த்துப் பெருமூச்சு விடறவங்ககிட்ட.

"அடுத்த ப்ரமோஷன் வந்தா சரியாயிடும்." எனக்கு ரெண்டு ப்ரமோஷன் வந்தது. ஒவ்வொரு தடவையும் மொய்த் தொகைக்கும் ப்ரமோஷன் கிடைச்சது! வரவு சின்னதா இருக்கிறதால கேடில்லை, செலவு அதைத் தாண்டி அகலாம இருந்தாச் சரின்னு வள்ளுவர் சொன்னது எல்லாருக்கும் தெரியும். எந்த அதிகாரத்துலன்னு பாருங்க. வலியறிதல். தன் பலம் எவ்வளவுன்னு அறியற அதிகாரம் அது. கணக்குப் பார்க்கிறதைக் கஞ்சத்தனம்னு சொல்றவங்க அந்த இடத்தை ஒரு தடவை யோசிக்கணும்.

"பொம்பளைங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னா வீண் கவலைதானே?" இதுக்குத்தான் எனக்கு அதிகமா கோபம் வருது, ஏன்னா இதை நானே சொல்லிகிட்டு இருந்தவன். அன்னிக்கு ராத்திரி நோட்டு எழுதி முடிச்சதும் தங்கமணி உள்ள போய் ஒரு பாஸ்புக்கை எடுத்துட்டு வந்து மேல வெச்சாங்க. பக்கத்து பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம், போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில 62,000. எனக்குத் தெரியாது! நான் கடனை மறைச்சேன், அவங்க சேமிப்பை மறைச்சாங்க. கடுகு டப்பாவுல காசு சேர்க்கிற தாய்க்குலம்னு நாம காலங்காலமாப் பெருமையாச் சொல்றோம். டப்பாவுல ஏன் ஒளிச்சு வைக்கணும்னு யாராவது கேட்டோமா? வீட்டுக்காரன் கணக்குக் காட்டாததாலதான். கணக்குக் காட்டாதவன்கிட்ட யார் சார் பணத்தை நம்பிக் காட்டுவாங்க?

இப்ப நாங்க பண்றது

பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. ஆப், எக்செல் எதுவும் இல்லை. அதே லாங் சைஸ் நோட்டு.

1. ஏப்ரல்ல முதல்ல எழுதறது வருஷச் செலவு. பன்னிரண்டால வகுத்து, அந்தத் தொகையை சம்பள நாள் அன்னிக்கே தனி ஆர்டிக்கு மாத்திடறோம். நோட்டுல அதுக்குப் பேர் 'ஊர்'. 2024 நவம்பர்லேர்ந்து ரயில் முன்பதிவு 120 நாள்லேர்ந்து 60 நாளாக் குறைஞ்சிடுச்சு. டிக்கெட் திறக்கிற காலைல கையில காசு இருக்கணும். இல்லைன்னா கார்டுதான், இல்லைன்னா தட்கல்தான்.

2. அம்மாவுக்கு அனுப்பறது மிச்சத்துலேர்ந்து இல்லை. முதல் வரியே அதுதான். ஒண்ணாம் தேதி தானாப் போயிடும். கணக்கு எழுத ஆரம்பிச்ச பிறகு 8,000 பத்தாயிரம் ஆச்சு, குறையலை. இதை அண்ணனுக்காகச் சொல்றேன்.

3. மொய்க்கும் சீருக்கும் வருஷத்துக்கு ஒரு உச்சவரம்பு. அதைத் தாண்டினா வேற ஒரு வரியிலேர்ந்து எடுக்கணும், எந்த வரின்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லணும். பெரும்பாலும் சொல்ல முடியறதில்லை. அங்கேயே நின்னுடும்.

4. மூணு மாசச் செலவு தொடாத வைப்பா இருக்கணும். இன்னும் முழுசா சேரலை. ரெண்டு மாசத்துக்குத்தான் இருக்கு.

5. கார்டு பாக்கி முழுசா கட்ட முடியலைன்னா அடுத்த மாசம் கார்டு பீரோவுக்குள்ள.

6. மாசக் கடைசி ஞாயிறு, நோட்டு நடு ஹால்ல. பையனும் உட்காருவான். அப்பா சம்பளம் எவ்வளவுன்னு அவனுக்குத் தெரியும். முதல் தடவை பார்த்துட்டு "இவ்வளவுதானா?"ன்னான். :-) அதுக்கப்புறம் ஷூ கேட்கிறப்ப அவனே எந்த மாசம்னு சொல்றான்.

2024ல வந்த சம்பள ஒப்பந்த அரியர்ஸையும் தங்கமணியோட ஆர்டியையும் போட்டு, 2025 மார்ச்சுல அந்தக் கடனை அடைச்சோம். வளையல் இன்னும் மாத்தலை. நோட்டுல இருக்கு, அடுத்த வருஷப் பக்கத்துல.

அண்ணனுக்கு...

மூணு லட்சம் என்னால புரட்ட முடியாதுன்னு இல்லை. செல்போனை நாலு தட்டு தட்டினா பத்து நிமிஷத்துல கணக்குல வந்து விழும். அனுப்பிட்டு நல்ல தம்பின்னு பேர் வாங்கியிருக்கலாம். அஞ்சு வருஷம் கழிச்சு என் பொண்ணு கல்யாணத்துக்கு அதே அண்ணன்கிட்ட கையைப் பிசைஞ்சுகிட்டு நின்னிருப்பேன். அப்ப ரெண்டு பேருக்கும் மனசு கசக்கும். கணக்குப் பேசி உறவு கெட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. கணக்கைப் பேசாம விட்டுக் கெட்டதைத்தான் நிறையப் பார்த்திருக்கேன், வீட்லயும், பேங்க்லயும்.

அறுபதாயிரம்னு நான் சொன்னது பேரம் இல்லை. அது நிஜமா இருக்கிற பணம். சொன்ன தேதியில வரும். யார்கிட்டயும் மறைக்காம, என் மனைவி சம்மதத்தோட, கடன் இல்லாம வரும். நான் இதுவரைக்கும் ஊருக்கு அனுப்பின எந்தப் பெரிய தொகையைப் பத்தியும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

முந்தா நாள் அம்மா போன் பண்ணினாங்க. அண்ணனைப் பத்திப் பேச்சே எடுக்கலை. உடம்பு எப்படி, பொண்ணு ஹாஸ்டல் சாப்பாடு எப்படின்னு கேட்டுட்டு, கடைசியில சொன்னாங்க, "கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன்பா. பின்கட்டு இப்ப வேணாம். ஓட்டை மட்டும் மாத்தினா எவ்வளவுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்கேன். காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

எனக்கு சேட்டு புத்தி எங்கேர்ந்து வந்ததுன்னு இப்ப அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

டிஸ்கி: மேல இருக்கிற 2019 கணக்கு என் வீட்டுக் கணக்கு. உங்களுக்கு எண்கள் மாறும். ஆனா ரெண்டாவது பக்கத்தை, அதான் அந்த வருஷச் செலவுப் பக்கத்தை, இன்னிக்கு ராத்திரியே எழுதிப் பாருங்க. தனியா எழுதாதீங்க. எதிர்ல வீட்ல இருக்கிறவங்களை உட்கார வெச்சுக்கிட்டு எழுதுங்க.